விசாரணைக்குக் கூப்பிட்டால் வாயைத் திறக்கலாமா, மூடிக்கொள்ளலாமா?

கேள்வி: ஜூரோங் வெஸ்ட் வாசகி
11 மார்ச் 2025

அக்கா, என் மகனுக்கு 22 வயது. தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிறான். நண்பன் கேட்டான் என்று தன் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கொடுத்திருக்கிறான். ஏமாந்தவர்கள் யாருடைய பணமோ அதில் வந்து போயிருக்கிறதாம். வியாழக்கிழமை காலை காண்டோன்மென்ட் காவல்துறை வளாகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துள்ளது. வழக்கறிஞர் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசாதே, அது உன் உரிமை என்று என் தம்பி சொல்கிறான். அப்படித்தானா?

11 மார்ச் 2025, இரவு

தம்பி அமெரிக்கத் தொடர்கள் நிறையப் பார்க்கிறார் போலும். கைவிலங்கு மாட்டும்போதே மௌனம் காக்கும் உரிமையை ஒப்பிப்பது அந்த ஊர் வழக்கம். இங்கே சிங்கப்பூரில் யாரும் ஒப்பிக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லவேண்டிய கடமையே காவல்துறைக்கு இல்லை என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இலேயே மஸ்லான் மைடுன் வழக்கில் தீர்த்துவிட்டது.

அதற்காக உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 22ஆம் பிரிவு: விசாரிக்கப்படுபவர் தமக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால், தம்மீதே குற்றச்சாட்டோ தண்டனையோ வரக்கூடிய எதையும் அவர் சொல்லவேண்டியதில்லை. முதல் பாதியை அதிகாரி நினைவூட்டுவார். இரண்டாம் பாதியை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வழக்கறிஞர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவார் என்ற கற்பனையையும் விட்டுவிடுங்கள். வாக்குமூலம் எடுக்கும் அறையில் விசாரணை அதிகாரி, உங்கள் மகன், ஒரு கணினி. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அவரும்.

போகாமல் இருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். போக வேண்டும். அந்தக் கடிதம் 21ஆம் பிரிவின் கீழ் வரும் எழுத்துபூர்வமான உத்தரவு. வராதவர்மீது காவல்துறை நீதிபதியிடம் போய்ப் பிடியாணை கேட்க முடியும். வியாழக்கிழமை உண்மையிலேயே முடியாது என்றால் கடிதத்தில் உள்ள அதிகாரியை அழைத்து வேறு நாள் கேளுங்கள். நியாயமான காரணம் சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

நான் வழக்கறிஞர் அல்ல. குற்ற வழக்குகள் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கோப்புகளைத் தட்டச்சு செய்தே கண் போனது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள்.

12 மார்ச் 2025, காலை

படுத்த பிறகு இன்னொன்று உறைத்தது. கணக்குக் கொடுத்த வழக்கு என்பதால் இது மற்ற விசாரணைகளைப் போன்றதல்ல.

முன்பெல்லாம் இப்படி மாட்டியவர்கள் "மோசடிப் பணம் என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். தெரிந்துதான் செய்தார் என்று நிரூபிப்பது அரசாங்கத் தரப்புக்குப் பெரும்பாடாக இருந்தது. 2023 மே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது, 2024 பிப்ரவரி 8இலிருந்து அது நடப்பில் இருக்கிறது. இப்போது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்விளைவை எண்ணாமல் துணிந்து கொடுத்திருந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது 250,000 வெள்ளி வரை அபராதம். வெறும் கவனக்குறைவு என்றாலும் மூன்றாண்டு, 150,000 வெள்ளி. இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸின் மறைச்சொல்லை வேறொருவரிடம் கொடுப்பது தனிக்குற்றம்.

இதில் பொறி எங்கே என்று பாருங்கள். "நண்பன்தானே, எதையும் விசாரிக்காமல் கொடுத்துவிட்டேன்" என்று மகன் சொல்வான். அவன் மனத்தில் அது தற்காப்பு. தாளில் ஏறியதும் அதுவே கவனக்குறைவுக்கான ஒப்புதல். நல்ல பிள்ளைகள்தான் இதை வெகுளியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த்தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டத்தில் வேறு குற்றம், சிறிய குற்றமும் அல்ல. நண்பன் என்ன காரணம் சொன்னான், மகன் திருப்பி என்ன கேட்டான், பணம் ஏதும் வாங்கினானா, சந்தேகம் வந்த அன்று என்ன செய்தான், இவற்றையெல்லாம் வழக்கறிஞர் ஒருவரிடம் இன்றே ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்க்கட்டும். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை, எதற்கு இல்லை என்பதை அவர்தான் பிரித்துக் காட்டுவார். இன்னும் கைதாகாதவன் வழக்கறிஞரைப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. கைதான பிறகு கதை வேறு, அதைப் பிறகு எழுதுகிறேன்.

12 மார்ச் 2025, மதியம்

இங்கே பின்னூட்டத்தில் ஒருவர், நண்பனுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடச் சொல்லியிருக்கிறார். ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், தயவுசெய்து யாருக்கும் அறிவுரை சொல்லாதீர்கள். விசாரணை வருகிறது என்று தெரிந்து அழிப்பது நீதிக்கு இடையூறு செய்த குற்றமாகும். அதுவும் இந்த வழக்கில் அந்தச் செய்திகள்தான் பையனைக் காப்பாற்றக்கூடும். நண்பன் என்ன சொல்லி ஏமாற்றினான் என்பதற்கு வேறு சாட்சி ஏது?

கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம். தேவையான எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி, தினமும் சாப்பிடும் மருந்து, அறைக் குளிருக்கு ஒரு மேல்சட்டை. வயிறு காலியாகப் போகவேண்டாம்.

14 மார்ச் 2025

மகன் நேற்று இரவே வீடு திரும்பிவிட்டான் என்று தாயார் தனிச்செய்தியில் சொன்னார். கைபேசி அங்கே. பேச்சுத் தமிழே தடுமாறுகிற பிள்ளை, ஆங்கிலம் அருவியாகக் கொட்டும், ஆகவே மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் "கடைசியில் படித்துப் பார்த்தாயா?" என்று கேட்டால், "அசதியாக இருந்தது, மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்" என்றானாம்.

இதைத்தான் நான் முதலிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். மௌனத்தைப் பற்றி இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறோம். இந்த ஊரில் வழக்கு திரும்புவது அந்தத் தாளில்தான். நீங்கள் பேசியது நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அதிகாரி கேட்டு, தன் மொழியில் சுருக்கி, கேள்வியையும் பதிலையும் ஒரே வாக்கியமாகக் குழைத்துத் தட்டச்சு செய்ததுதான் போகிறது. கீழே உங்கள் கையெழுத்து. இரண்டு ஆண்டு கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் நீதிபதி அந்தக் கையெழுத்தைத்தான் பார்ப்பார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கைகலப்பு. நான் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தபோது ஒருவர் தரையில் கிடந்தார், இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார் அந்த இளம் அதிகாரி. நின்றவர் கிடந்தவரைத் தள்ளியதை நான் கண்டதாக அதில் இருந்தது. நான் தள்ளியதைப் பார்க்கவில்லையே என்றேன். "அதைத்தானே சொன்னீர்கள்?" என்றார் அவர், குரலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல். அவர் மனத்தில் சம்பவம் அப்படி ஓடியிருக்கிறது, விரல் அப்படித் தட்டியிருக்கிறது. திருத்தச் சொன்னேன், திருத்தினார், திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். ஐந்து நிமிட வேலை. நான் கேட்காமல் இருந்திருந்தால் நின்றவருக்கு எதிராக நேரில் கண்ட சாட்சி ஒருத்தி உருவாகியிருப்பாள்.

இத்தனைக்கும் நான் அத்தகைய தாள்களை வாழ்நாளெல்லாம் கோப்பில் அடுக்கியவள். பயந்துபோன பையனிடம் இந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியுமா?

வாசித்துக் காட்டுவதும், புரிகிற மொழியில் சொல்வதும், பிறகு கையெழுத்து வாங்குவதும் 22ஆம் பிரிவிலேயே உள்ள கட்டளை. யாரும் உங்களுக்குச் செய்கிற உதவியல்ல. மெதுவாகப் படியுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள், தவறானதை அடிக்கச் சொல்லுங்கள். நகல் பொதுவாக அன்றே கையில் தரமாட்டார்கள். வீட்டுக்கு வந்தவுடன், தூங்கும் முன், என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது என்று ஞாபகத்திலிருந்து எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

17 மார்ச் 2025

ஜூரோங் வெஸ்ட் வாசகியின் தம்பி வந்துவிட்டார். அரசமைப்புச் சட்டத்தோடு வந்திருக்கிறார், மரியாதைக்குரிய எதிரி. ஒன்பதாவது பிரிவைக் காட்டுகிறார்: கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவர் மூலம் வாதாடவும் அனுமதிக்க வேண்டும்.

சரிதான், உரிமை இருக்கிறது. எப்போது என்பதுதான் தகராறு. கைதான கணத்திலிருந்தா? இல்லை, "நியாயமான காலத்துக்குள்" என்று நம் நீதிமன்றங்கள் 1971இல் லீ மாவ் செங் வழக்கிலிருந்து சொல்லி வருகின்றன. எது நியாயம்? 1994இல் ஜஸ்பீர் சிங் வழக்கில் இரண்டு வாரம் நியாயம் என்றானது. 2014இல் ஜேம்ஸ் ராஜ் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடனடி உரிமை கிடையாது என்றே சொன்னது. ஆனால் வழக்கறிஞரைப் பார்க்கவிட்டால் விசாரணை கெட்டுவிடும் என்று காட்டவேண்டிய சுமை அரசாங்கத் தரப்புடையது என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பாதி சின்ன விஷயமல்ல.

ஆக, தம்பிக்குச் சட்டப்புத்தகம் கைகொடுக்கிறது, கடிகாரம் கைகொடுக்கவில்லை. வழக்கறிஞர் வரும்போது 22ஆம் பிரிவின்கீழ் எடுக்கும் நீண்ட வாக்குமூலம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இதில் என் சொந்தக் கருத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் காவல்துறை சொல்வதே சரி என்று நினைத்தேன். வழக்கறிஞர் முதல் நாளே நுழைந்தால் கூட்டாளிகளுக்குத் தகவல் போய்விடும், பொருள் மறைந்துவிடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பிறகு கேவ்லாக் ஸ்குவேரில் நீதிமன்ற வாசலில் நிற்கும் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் பார்த்தேன். பிள்ளை என்ன சொன்னான் என்று அவர்களுக்குத் தெரியாது, பிள்ளைக்கே தெளிவாக நினைவில்லை, எங்கள் முதலாளிக்கும் தெரியாது. அந்தத் தாள் மட்டும் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. இரண்டு நாள் தாமதத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. இரண்டு வாரத்தை முடியவில்லை.

18 மார்ச் 2025

"48 மணி நேரத்தில் விட்டுவிட வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விட வேண்டும் என்றல்ல. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், காணொளி வழியாகவும் நிறுத்தலாம். அவர் தொடர்ந்து காவலில் வைக்க உத்தரவிடக்கூடும். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு என்பதும் சினிமாவில் வருவது.

1 ஏப்ரல் 2025

முட்டாள்கள் தினத்துக்குப் பொருத்தமாக எனக்கே காவல்துறையிலிருந்து அழைப்பு! காணொளியில் சீருடை, பின்னால் சுவரில் சின்னம், வெகு பணிவான குரல். என் பெயரில் கள்ளப்பணக் கணக்கு ஒன்று இருப்பதாகவும் இரகசிய விசாரணை என்பதால் வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். "எந்தப் பிரிவின்கீழ் விசாரிக்கிறீர்கள், 21ஆ 22ஆ? எழுத்துபூர்வமான உத்தரவு எங்கே?" என்று கேட்டேன். திரையே அணைந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே குறுக்கு விசாரணை.

வேடிக்கை இருக்கட்டும். உண்மையான அதிகாரி தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்ல மாட்டார், வங்கி மறைச்சொல் கேட்க மாட்டார், எங்கிருந்தோ ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்ல மாட்டார். வங்கி ஊழியர் என்று பேசத் தொடங்கி "உங்களைக் காவல்துறைக்கு இணைக்கிறேன்" என்று மாற்றிவிடும் அழைப்பும் புரட்டு. சந்தேகம் என்றால் 1799 எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். இரகசியம், வீட்டில் சொல்லாதே என்று தொலைபேசியில் கெஞ்சுகிறவர் எவராயினும் துண்டித்துவிடுங்கள்.

6 ஏப்ரல் 2025

மார்ச் 11இல் எழுதியதை இறுக்கிக் கட்ட வேண்டும், ஏனென்றால் "சொல்லவேண்டியதில்லை என்று அக்காவே சொல்லிவிட்டார்" என்று ஒருவர் அதை எல்லா இடத்துக்கும் நீட்டிக்கொண்டு போகிறார்.

நான் சொன்னது 22ஆம் பிரிவு, அதாவது நீண்ட வாக்குமூலம். குற்றம் சாட்டும்போது 23ஆம் பிரிவு வருகிறது, அலுவலகத்தில் நாங்கள் எச்சரிக்கை வாக்குமூலம் என்போம். குற்றச்சாட்டை வாசித்து, எழுத்தில் ஒரு அறிவிப்பையும் கொடுப்பார்கள். அதன் சாரம்: உன் தற்காப்புக்கான விவரம் ஏதேனும் இருந்தால் இப்போதே சொல். இப்போது மறைத்துவிட்டு வழக்கு விசாரணையில் முதன்முறையாகச் சொன்னால், நீதிபதி அதை நம்புவது குறையக்கூடும். 261ஆம் பிரிவு அந்த மௌனத்திலிருந்து பாதகமான முடிவுக்கு வர நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது.

ஆக ஒரே அறையில், ஒரே அதிகாரி முன், காலையில் பேசாமல் இருந்தது பாதுகாப்பு, மாலையில் பேசாமல் இருந்தது பள்ளம். எந்தத் தாள் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். "இது 22ஆ, 23ஆ?" என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

இதற்குச் சரியான உதாரணம் பை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நண்பனின் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், உள்ளே பொட்டலம் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் பை உங்கள் வசம் இருந்தாலே பொருளும் உங்கள் வசம் என்று அனுமானம். அது இன்னதென்று தெரிந்திருந்தது என்றும் அனுமானம். ஹெராயினை நீங்கள் வைத்திருந்தது நிரூபணமாகி, அது இரண்டு கிராமுக்கு மேல் என்றால் கடத்தவே வைத்திருந்தீர்கள் என்று தனியாக இன்னொரு அனுமானம். தெரியாது என்று நிரூபிக்கவேண்டியவர் நீங்கள். அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே அதிகாரிகள் கேள்வி கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்வார்கள். பை யாருடையது, எங்கே வாங்கினீர்கள், கொடுத்தவர் என்ன சொன்னார் என்பதை அப்போது சொல்லாமல் ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் அவிழ்த்தால் யார் நம்புவார்கள்? 15 கிராமைத் தாண்டினால் தலைக்கே ஆபத்து. அங்கே "வாயை மூடு" என்ற அறிவுரை ஆளைக் கொல்லும்.

9 ஏப்ரல் 2025

சிறுநீர்ச் சோதனைக்கு மறுக்கலாமா? மறுத்தால் அதுவே குற்றம். அடுத்த கேள்வி.

பெண்களைச் சோதனையிடுவது? பெண் அதிகாரிதான், கண்ணியமாக. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கைபேசி மறைச்சொல்? கைது செய்யத்தக்க குற்றத்தை விசாரிக்கும்போது 39ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். மறுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு கைபேசிக்குள் ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்க்கை இருக்கிறது. ஆனால் பிடிக்கவில்லை என்பது சட்டமல்ல.

25 மே 2025

துவாஸ் தங்கும்விடுதியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வேலையிடத்தில் செப்புக் கம்பி காணாமல் போனது. மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடு, போட்டால் வேலை பெர்மிட் ரத்தாகாது என்றாராம். தம்பி போட்டுவிட்டார். இப்போது காவல்துறை கூப்பிடுகிறது.

தம்பி, கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்திட எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. போட்டது போட்டதுதான். அது எப்படி வாங்கப்பட்டது என்பதை விசாரணை அதிகாரியிடம் முதலிலேயே சொல்லுங்கள். என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார், ஆங்கிலம் உங்களுக்கு எவ்வளவு தெரியும், எல்லாமே வாக்குமூலத்தில் ஏறட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். "கொஞ்சம் ஆங்கிலம் புரியும் சார்" என்று பணிவுக்காகச் சொல்லாதீர்கள். நம் ஆட்களின் பாதித் துன்பம் இந்தப் பணிவால்தான். அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து சக ஊழியரிடம் "என்ன கேட்டார்கள்?" என்பது.

பார்ட்டி லியானி வழக்கை நினைத்துப் பாருங்கள். இந்தோனேசியப் பணிப்பெண். முதலாளி குடும்பத்திலிருந்து சுமார் 34,000 வெள்ளிப் பொருள்களைத் திருடியதாகக் குற்றச்சாட்டு, 2019இல் 26 மாதச் சிறைத்தண்டனை. 2020 செப்டம்பர் 4ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஓன் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார். தீர்ப்பு தொட்ட பல ஓட்டைகளில் ஒன்று, வாக்குமூலம் பதிவானபோது இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளர் தரப்படவில்லை என்பது. மலாய்தானே, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்ற நினைப்பு! அவருக்கு வாதாடிய அனில் பால்சந்தானி கட்டணம் வாங்கவில்லை. அத்தனை ஆண்டும், வெளிநாட்டு ஊழியருக்கு உதவும் ஹோம் அமைப்பின் தங்குமிடத்தில் வேலை செய்ய முடியாமல் காத்திருந்தார் அந்தப் பெண்.

தம்பி போன்றவர்களுக்கு யார் உதவுவார்கள்? குற்றம் சாட்டப்பட்டால், இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கத்தின் பொதுத் தற்காப்பு அலுவலகம் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. கிரேஞ்ச் ரோட்டில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. கைதானால் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கலாம்.

27 மே 2025

"கையெழுத்துப் போட்டால் பெர்மிட் ரத்தாகாது" என்றதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்கிறார், காவல்துறை அப்படிச் சொன்னால்?

அதிகாரம் உள்ளவர் மிரட்டியோ ஆசைகாட்டியோ வாக்குறுதி தந்தோ வாங்கிய வாக்குமூலம் 258ஆம் பிரிவின்படி செல்லாது. "ஒப்புக்கொண்டால் இன்றே பிணையில் போகலாம்" என்பதும் இதில் அடங்கக்கூடும். ஆனால் அறையில் நடந்ததை யார் சொல்வது? வழக்குக்குள் ஒரு சிறு வழக்கு நடக்கும், அதிகாரி ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். வாக்குமூலத்தைக் காணொளியில் பதிவுசெய்யும் முறை 2018இல், பாலியல் வன்கொடுமைச் சந்தேக நபர்களிடம் தொடங்கியது. எல்லா வழக்குக்கும் அது வந்தால் இந்தத் தலைவலி பாதி தீரும், காவல்துறைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேர்மையான அதிகாரி வீண்பழி சுமப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நடைமுறையை மீறினால் நீதிமன்றம் சும்மா இருப்பதில்லை. 2011இல் ஒரு கொலை வழக்கில், முறைப்படி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்காத வாக்குமூலங்களை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மரண தண்டனை பெற்றிருந்த இஸ்மில் பின் காதர் விடுதலையானார். மார்ச் 14இல் நான் கத்தியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

2 ஜூலை 2025

ஒரு தாயார்: விசாரணைக்குப் போன 14 வயது மகனுடன் அறையில் உட்காரலாமா? பெற்றோரை உள்ளே விடுவது வழக்கமில்லை. சிறுவர்களுக்கும் அறிவுக்குறைபாடோ மனநலக்குறையோ உள்ளவர்களுக்கும் பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். அவர் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார். பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா, பதறுகிறானா என்று கவனிப்பவர். மகனுக்குக் கற்றல் குறைபாடு இருந்தால் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவர் கடிதம் இருந்தால் கொண்டுபோங்கள்.

9 நவம்பர் 2025

நான்காம் தேதி நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மசோதாவைப் பற்றி ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மோசடிக்காரர்களுக்குக் கட்டாயப் பிரம்படி, குறைந்தது ஆறு. கணக்கையும் சிங்பாஸையும் சிம் அட்டையையும் கொடுத்து உதவுகிறவர்களுக்கு 12 வரை, ஆனால் அது கட்டாயமில்லை, நீதிபதியின் முடிவு. அன்பளிப்புப் பணம் ஐந்நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டுக் கணக்கைக் கொடுக்கும் 19 வயதுப் பையன்களுக்கு இதை யாராவது வீட்டில் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பிரம்படி தேவையா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஓய்வூதியப் பணம் முழுவதையும் இழந்த என் வயதுக்காரர் ஒருவரிடம் அந்தத் தயக்கத்தைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் காப்பிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனார்.

விசாரணை பற்றி மார்ச் 12இல் எழுதியது அப்படியே நிற்கிறது. தண்டனை கூடியிருப்பதால் அந்தத் தாளின் எடையும் கூடியிருக்கிறது.

11 நவம்பர் 2025

பிணை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பிணையாளர் பொதுவாகச் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வராமல் ஓடினால் பிணைத்தொகை உங்களிடமிருந்து போகும். மைத்துனருக்காகப் பிணை நிற்கலாமா என்று கேட்ட செங்காங் வாசகருக்கு: அவர் உங்களிடம் இதற்குமுன் வாங்கிய கடனைத் திருப்பித் தந்தாரா?